தூண் முகப்புள்ள பழைய வங்கிக் கட்டடத்தைப் பழுது பார்ப்பது எப்படி: சேலம், ஏற்காடு பகுதிக்கு

ஆங்கிலேயர் காலத்து வங்கி, அலுவலகம், பங்களா என்று வட்டத் தூண்கள் வரிசையாக நிற்கும் கட்டடம் ஒன்றைச் சீர்செய்யும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருந்தால், எஸ்டிமேட் போடுவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கீழிருந்து பார்த்தால் கல் போலத் தெரியும் அந்தத் தூணும், மேலே துருத்தி நிற்கும் கார்னிஸும் நம் பக்கத்தில் பெரும்பாலும் கல் அல்ல. பீடம்தான் கருங்கல். அதற்கு மேல் செங்கல் கட்டு, அதன்மேல் சுண்ணாம்புக் காரை. கிரேக்க, ரோமானியக் கோயில்களில் பளிங்கில் செதுக்கியதை நம் கொத்தனார்கள் கரணையாலும், பூச்சைத் தேய்க்கும் மணியாசுக்கட்டையாலும் காரையில் எடுத்துக் காட்டினார்கள். ஆகவே இது சுண்ணாம்புக் கட்டடம். சிமெண்டால் பழுது பார்த்தால் பத்து மழைக்காலத்துக்குள் கெடும்.

வங்கிகளுக்கு இந்தப் பாணி ஏன் வந்தது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, எதை மாற்றலாம் எதைத் தொடக்கூடாது என்று முடிவெடுக்க உதவும். லண்டனில் பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் கட்டடக் கலைஞராக 1788 முதல் 1833 வரை இருந்த ஜான் சோன், ஜன்னலே இல்லாத வெளிச்சுவரில் தூண்களை நிறுத்தி, உள் கூடங்களுக்கு மேலிருந்து வெளிச்சம் கொண்டுவந்தார். உள்ளே வைத்த பணம் பத்திரம் என்று முகப்பே சொல்ல வேண்டும் என்பதுதான் எண்ணம். உலகமெங்கும் வங்கிகள் அதே வழியில் போயின. 1843-ல் தொடங்கிய பேங்க் ஆஃப் மெட்ராஸ், 1921-ல் வங்காள, பம்பாய் வங்கிகளோடு சேர்ந்து இம்பீரியல் வங்கி ஆனது. 1955-ல் அதுவே ஸ்டேட் வங்கி. இந்தக் காலத்துக் கட்டடங்களில் முன்னே தூண் வரிசை, நடுவே உயரமான கூடம், கூடத்தின் மேல்சுவரில் சிறு ஜன்னல்கள், பின்னால் தடித்த சுவருள்ள பெட்டக அறை என்ற அமைப்பைக் காணலாம். மேல்ஜன்னல்கள் வெளிச்சத்துக்கு மட்டுமல்ல, சூடான காற்று வெளியேறவும்தான். ஏசி போட்டதும் அவற்றை அடைத்து பொய்க்கூரை தொங்கவிடுவது வழக்கமாகிவிட்டது. அதன்பிறகு மேலே ஒழுகுவது யார் கண்ணுக்கும் தெரியாது. வேலை தொடங்கும் நாளில் பொய்க்கூரையில் நான்கு பலகைகளையாவது கழற்றி மேலே டார்ச் அடித்துப் பாருங்கள்.

மழை நின்ற மறுநாள் காலை

பழுதுக்குக் காரணம் பத்தில் எட்டு இடங்களில் தண்ணீர்தான். சேலத்தில் ஆவணி முதல் ஐப்பசி வரை மாலை நேரத்தில் இடியோடு வரும் மழை அரைமணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். குழாய் அந்த வேகத்துக்குத் தாங்க வேண்டும். மொட்டைமாடியில் 40 சதுர மீட்டருக்கு ஒரு 4 அங்குலக் குழாய் இருந்தால் பத்திரம். பழைய வார்ப்பிரும்புக் குழாய்கள் சில இடங்களில் சுவருக்குள்ளேயே, தூணுக்குப் பின்னால் ஒளித்து இறக்கப்பட்டிருக்கும். அது வெடித்தால் தூணின் நடுப்பகுதியில் ஓதம் (ஈரம்) ஏறும். அடியிலும் தலையிலும் காய்ந்திருக்கும். அப்படி ஒரு திட்டு தெரிந்தால் பூச்சைத் தொடாதீர்கள். முதலில் குழாயை மாற்றி, மூன்று மாதம் காய விடுங்கள்.

கார்னிஸின் அடிப்பக்கத்தை ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி, விரல் நுழையும் அகலத்தில் ஒரு காடி (நீளப் பள்ளம்) ஓடும். கார்னிஸின் உயிர் அதில்தான் இருக்கிறது. மேலே விழும் தண்ணீர் விளிம்பைச் சுற்றி அடிப்பக்கமாக ஊர்ந்து வந்து, இந்தக் காடியைத் தாண்ட முடியாமல் சொட்டாகக் கீழே விழுந்துவிடும், சுவர் நனையாது. ஆண்டுக்கு ஆண்டு அடித்த டிஸ்டெம்பரும் பெயிண்டும் காடியை அடைத்துவிட்டால், தண்ணீர் நேராகச் சுவரில் இறங்கித் தூணின் தலையை நனைக்கும். முகப்பில் கறுப்பாக நீளக் கோடுகள் இறங்கியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒரு பழைய உளியும் இரும்புத் துலக்கியும் கொண்டு காடியைத் திறந்துவிடுவது ஒரு நாள் வேலை. பெரிய வேலைக்குப் பணம் இல்லை என்றாலும் இதையாவது செய்துவிடுங்கள்.

கார்னிஸ் மேல் முளைத்த அரசு, ஆலங்கன்றுகளைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் தண்டு கையோடு வரும், வேர் உள்ளே இருந்து இன்னும் தடிக்கும். தண்டை ஓரங்குலம் விட்டு வெட்டி, வெட்டிய ஈரம் காய்வதற்குள் கிளைபோசேட் மருந்தைத் தூரிகையால் தடவுங்கள். முழுவதும் பட்டுப்போன பிறகு, அந்த இடத்துச் செங்கல்லை எடுத்து வேரை நீக்கி, காரையில் திரும்பக் கட்டுங்கள்.

தூணை அளப்பது

பூச்சு உதிர்ந்து வடிவமே போய்விட்ட தூணை எப்படித் திரும்ப எடுப்பது? கொத்தனார் கண்மதிப்பில் பூசினால் உருளைக் குழாய் நிற்பது போல ஆகிவிடும். இந்தப் பாணியில் எல்லா அளவும் தூணின் அடி விட்டத்திலிருந்தே வருகிறது. இத்தாலியக் கட்டடக் கலைஞர் விக்னோலா 1562-ல் வகுத்த கணக்குப்படி, டஸ்கன் தூணின் உயரம் அடி விட்டத்தைப் போல் 7 மடங்கு, டோரிக் 8, அயோனிக் 9, கொரிந்தியன் 10. தூணின் மேல் படுக்கும் உத்திரம், பட்டை, கார்னிஸ் மூன்றும் சேர்ந்த உயரம் தூண் உயரத்தில் கால் பங்கு. எல்லாக் கட்டடமும் இந்தக் கணக்குக்கு அப்படியே ஒத்துவராது. ஆனால் எந்தக் கணக்கை நோக்கிக் கட்டினார்கள் என்பது இதில் தெரிந்துவிடும்.

தலையில் அலங்காரமில்லாத வட்டத் தட்டு இருந்தால் டஸ்கன் அல்லது டோரிக். ஆட்டுக்கொம்பு போல் இருபுறமும் சுருள் இருந்தால் அயோனிக். இலைக்கொத்து இருந்தால் கொரிந்தியன். அடிப்பகுதியில், பீடத்து வளையத்துக்கு மேலே, தையல்காரர் டேப்பைச் சுற்றிச் சுற்றளவை எடுத்து 3.14-ஆல் வகுங்கள். 188.5 செ.மீ. வந்தால் விட்டம் 60 செ.மீ. அது டோரிக் என்றால் தூண் மொத்தம் 480 செ.மீ. இருக்க வேண்டும்: அடி வளையம் 30, தண்டு 420, தலை 30. அதன்மேல் உத்திரம் 30, பட்டை 45, கார்னிஸ் 45, ஆக 120.

தண்டு அடியிலிருந்து முடிவரை ஒரே சீராகக் குறுகாது. கீழ் மூன்றில் ஒரு பங்கு நேராக நின்று, அதற்குமேல் மெல்ல வளைந்து குறுகி, முடியில் அடி விட்டத்தில் ஆறில் ஐந்து பங்காகும். மேல் இரண்டு பங்கை நான்கு சம பாகமாகப் பிரித்தால், 60 செ.மீ. தூணுக்கு அந்த இடங்களில் விட்டம் 59.4, 57.4, 54.3, 50 செ.மீ. என்று வரும். டேப்பில் பார்க்க வேண்டிய சுற்றளவு 186.5, 180.5, 170.5, 157. கெடாமல் நிற்கும் தூண் ஒன்றிலேயே இந்த நான்கு இடங்களையும் அளந்து, கணக்கோடு ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தால் கட்டடத்தில் உள்ள அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வளைவில் ஒரு தேக்குப் பலகையை இழைத்து வைத்துக்கொண்டால், பூசும்போது தூணைச் சுற்றி எட்டு இடத்தில் வைத்து ஒளி புகுகிறதா என்று பார்க்கலாம். பலகையின் நேரான பின்பக்கத்தில் தூக்குக்குண்டு விட்டால் சாய்வும் தெரிந்துவிடும்.

பழைய பூச்சு என்ன என்று கண்டுபிடிக்க

கரணையின் மரப்பிடியால் முகப்பு முழுவதையும் தட்டிப் பாருங்கள். டக் டக் என்று கெட்டியாகக் கேட்டால் விட்டுவிடலாம். பொத்தென்று கேட்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். சாம்பல் நிறமாக, கரணையால் கீறினால் கோடு விழாமல் இருந்தால் அது பின்னாளில் போட்ட சிமெண்ட். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்து நகத்தில் மாவு ஒட்டினால் பழைய காரை. இளஞ்சிவப்பு வந்தது செங்கல் தூளால்.

சாந்தின் விகிதம் தெரிய வேண்டுமானால், மழைத்தண்ணீர் படாத உட்பகுதியிலிருந்து எடுத்த துண்டை வெயிலில் காயவைத்து 100 கிராம் நிறுத்து, மெல்ல நுணுக்குங்கள். கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அதில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அதில் பொடியைப் போடுங்கள். வெட்டவெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள். சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். நுரை அடங்கியபின் வடிகட்டிக் கழுவிக் காயவைத்தால் மிஞ்சுவது மணலும் செங்கல் தூளும். அதை நிறுத்தால் பங்கு கிடைக்கும்; சல்லடையில் சலித்தால் எந்தப் பருமன் மணல் போட்டார்கள் என்பதும் தெரியும். மணலில் கிளிஞ்சல் கலந்திருந்தால் அதுவும் கரைந்துபோகும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

சிமெண்ட் ஏன் கூடாது? செங்கல்லும் காரையும் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். மேலே சிமெண்ட் போட்டதும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் செங்கல்லுக்குள் தங்குகிறது. உப்பு அங்கேயே படிந்து செங்கல் முகத்தைப் பொடியாக்குகிறது. கடைசியில் சிமெண்ட் பூச்சு செங்கல் தோலோடு சேர்ந்து பலகை பலகையாக விழுகிறது. அதை எடுக்கும்போது மிஷின் வைக்காதீர்கள். உப்பிய ஓரத்திலிருந்து தட்டை உளியால் நெம்பினால் தானே வரும். நன்றாகப் பிடித்திருக்கும் சிமெண்ட் திட்டை, செங்கல்லைக் காயப்படுத்தாமல் எடுக்க முடியாவிட்டால், அப்படியே விட்டுவிடுவதே நல்லது.

சுண்ணாம்பு

இங்கேதான் வேலை தேறுவதும் கெடுவதும். கடையில் மூட்டையாகக் கிடைக்கும் சுண்ணாம்புத் தூள் பல நாள் காற்றுப் பட்டுச் செத்துப்போயிருக்கும். ஒரு சிட்டிகை எடுத்து ஆசிட் விட்டால் பொங்கி நுரைக்கிறதா? அப்படியானால் அது ஏற்கெனவே கல்லாக மாறிவிட்டது, சாந்துக்கு உதவாது. சூளையிலிருந்து வந்த புதுக் கல்சுண்ணாம்பு வேண்டும். சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல் உண்டு. சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் எடுக்கும் வெள்ளைக்கல் அது அல்ல. பெயரை வைத்து ஏமாறக்கூடாது. அது மேக்னசைட், உலைச் செங்கல்லுக்குப் போவது. சுட்ட மேக்னசைட் சுண்ணாம்பில் கலந்தால், பூச்சுக்குள் இருந்து மெதுவாக நீர்த்து, மாதங்கள் கழித்து உப்பி வெடிக்கும்.

தொட்டியில் முதலில் தண்ணீர் நிரப்பி, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கொள்ளளவில் ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கிளறிக்கொண்டே இருந்து, அடங்கியபின் 2 மி.மீ. சல்லடையில் வடித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி வையுங்கள். அடிப்பூச்சுக்குக் குறைந்தது ஒரு மாதம், கடைசிப் பூச்சுக்கு மூன்று மாதம் ஊற வேண்டும். நீறாத பொடிக்கல் உள்ளே தங்கினால் பூசியபின் அம்மைக் கொப்புளம் போல வெடித்து விழும். வெண்ணெய்ப் பதத்தில், கரணையைக் கவிழ்த்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் சுண்ணாம்புக் களி தயார்.

அடிப்பூச்சுக்குக் களி 1, செங்கல் தூள் 1, மணல் 2. செங்கல் தூள் அரைவேக்காட்டுச் செங்கல்லில் அரைத்ததாக இருக்க வேண்டும். கறுத்து உருகிய செங்கல்லின் தூள் சுண்ணாம்போடு சேராது. இப்போது ஆற்று மணல் கிடைப்பது அரிது என்பதால் எம்-சாண்ட் (கல்லை உடைத்து எடுக்கும் மணல்) போட்டால், தூசி போகக் கழுவிச் சலித்துப் போடுங்கள். கழுவாவிட்டால் தூசி சுருங்கும்போது வலைப்பின்னலாக வெடிக்கும். கலந்ததைத் தண்ணீர் சேர்க்காமல் செக்கிலோ பான் மிக்சரிலோ இருபது நிமிடமாவது அரைக்க வேண்டும். மண்வெட்டியால் புரட்டிய சாந்து வேலைக்கு ஆகாது. மேலே சொன்ன 60 செ.மீ. தூணின் தண்டு ஏறத்தாழ 7.6 சதுர மீட்டர், 20 மி.மீ. கனத்துக்கு, சேதாரம் சேர்த்து, 50 லிட்டர் களி, 50 லிட்டர் செங்கல் தூள், 100 லிட்டர் மணல் எடுத்து வையுங்கள்.

பூசுவதும் கார்னிஸ் ஓட்டுவதும்

இணைப்புகளை அரை அங்குல ஆழம் சுரண்டி, துலக்கி, முதல்நாள் மாலையே நனையுங்கள். பூசும் நேரத்தில் செங்கல் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் மினுங்கக்கூடாது. முதல் பூச்சு 10 முதல் 12 மி.மீ.தான். ஒரேயடியாக 20 மி.மீ. அப்பினால் தன் பாரத்தில் சரியும், இல்லையேல் காயும்போது வெடிக்கும். கீறிவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் விட்டு இரண்டாவது 8 மி.மீ. சித்திரை, வைகாசியில் சேலம் வெயிலில் இந்த வேலையே வேண்டாம். சாந்து இறுகும் முன்பே உலர்ந்து மாவாகிவிடும். தை, மாசி சரியான காலம். அப்போதும் தூணைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டி இரண்டு வாரம் காக்க வேண்டும்.

கடைசிப் பூச்சு 2, 3 மி.மீ. மூன்று மாதக் களியோடு மாக்கல் பொடியோ பளிங்குப் பொடியோ சம அளவு சேர்த்துப் பூசி, இறுகத் தொடங்கும்போது வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். அதைத் தேய்த்து எடுக்கத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவருகிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

கார்னிஸுக்குக் கெடாத பகுதியில் ஒரு நுண்ணிய ரம்ப வெட்டு போட்டு, அதில் தகரத்தை நுழைத்துப் பென்சிலால் வடிவத்தை வரைந்து எடுங்கள். அதற்குமுன் பெயிண்ட் அடுக்குகளை நீக்கிவிட வேண்டும், இல்லையென்றால் மழுங்கிய வடிவம்தான் கிடைக்கும். அந்தக் கோட்டில் தகட்டை வெட்டி அரத்தால் ராவி, மரக்கட்டையில் ஆணியடித்தால் அச்சு தயார். சுவரில் ஒரு ரீப்பரை (மெல்லிய மரச்சட்டத்தை) ரசமட்டம் பார்த்து அடித்து, அதன்மேல் அச்சை ஓட்டுங்கள். துருத்தல் அதிகமான இடங்களில் கடப்பைக்கல் பலகை உள்ளே செருகியிருப்பார்கள். அது உடைந்திருந்தால் முதலில் மாற்றவேண்டும், பூச்சு மட்டும் அந்தப் பாரத்தைத் தாங்காது. கரடு பூச்சுக்கு அச்சின் விளிம்பில் 5 மி.மீ. கனத்துக்கு ஒரு பட்டி வைத்து ஓட்டி, ஒரு வாரம் கழித்துப் பட்டியை எடுத்துவிட்டு, நைசான சாந்தில் ஒரே திசையில் நாலைந்து முறை ஓட்டினால் கூர்மை வரும். மூலைகளுக்கு அச்சு போகாது, அங்கே கையால்தான் எடுக்க வேண்டும். அச்சில் நீர்க்காடிக்கும் இடம் விட மறக்காதீர்கள். வெளிவேலைக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒருபோதும் வேண்டாம், மழையில் கரையும்.

தூண்களுக்கு மேல் படுக்கும் உத்திரத்தில் நீளவாட்டில் ஒரே கோடாக விரிசல் ஓடினால், உள்ளே இரும்பு கர்டர் துருப்பிடித்து உப்புகிறது என்று பொருள். அதன்மேல் பூசி மறைக்காதீர்கள். முட்டுக் கொடுத்து, பூச்சைத் திறந்து, கட்டமைப்புப் பொறியாளரை வைத்து கர்டரில் துருப்பிடிக்காமல் மிஞ்சிய தடிமனை அளந்த பிறகே முடிவெடுங்கள்.

மேல்தளம்

மெட்ராஸ் டெரஸ் தளம் என்றால், தேக்குச் சட்டங்களின் மேல் 6க்கு 3க்கு 1 அங்குலச் சின்னச் செங்கல்லை மூலைவாட்டில், பக்கவாட்டு விளிம்பில் நிறுத்தி அடுக்கி, அதன்மேல் 3 அங்குலம் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவை, அதற்குமேல் தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு). ஒழுகினால் தார்ஷீட் ஒட்டாதீர்கள். ஈரம் கீழே மாட்டிச் சட்டங்களின் முனை மக்கும். சுவருக்குள் போகும் முனைகளை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், கால் அங்குலத்துக்குமேல் இறங்கினால் மரம் போய்விட்டது. தட்டோட்டை எடுத்து, ஜல்லிக் கலவையை மீண்டும் போடும்போது, 100 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ வெல்லமும் நொறுக்கி ஊறவைத்த 1.5 கிலோ கடுக்காயும் என்ற அளவில் எடுத்துத் தெளித்து, மரக்கட்டையால் அடிக்க வேண்டும். கட்டை எகிறித் திரும்பும்வரை, மூன்று நான்கு நாட்கள் அடி தொடரும். வெல்லம் கூடினால் இறுகத் தாமதமாகும், எறும்பும் பூஞ்சையும் வரும். தண்ணீர் ஓடும் வாட்டம் 60-க்கு 1.

ஏற்காட்டில்

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டமும் ஈரமும் இருப்பதால், காற்றில் இறுகும் வெறும் சுண்ணாம்புச் சாந்து அங்கே மாதக்கணக்கில் மெத்தென்றே இருக்கும். செங்கல் தூள் சேர்ந்த சாந்து ஈரத்திலேயே இறுகும் என்பதால் கடைசிப் பூச்சு நீங்கலாக எல்லாவற்றுக்கும் அதையே போடுங்கள். பாசியைத் தென்னைநார்த் துலக்கியும் தண்ணீரும் கொண்டு எடுங்கள். ஆசிட்டோ, அழுத்தத் தண்ணீர் பாய்ச்சும் மிஷினோ வேண்டாம், இரண்டும் காரையின் மேல்தோலை உரித்துவிடும். மலையில் வேலைக்காலம் தை முதல் பங்குனி வரைதான்.

வெள்ளையும் போர்டும்

எமல்ஷனும் வால்பட்டியும் வேண்டாம், சிமெண்ட் செய்யும் கெடுதலையே அவையும் செய்யும். மோர்ப் பதத்தில் சுண்ணாம்பை ஐந்து முறை அடிக்க வேண்டும், ஒன்று காய்ந்து மறுநாள் அடுத்தது. மஞ்சள் சாயல் வேண்டுமானால் மஞ்சள்காவி கலக்கலாம். பெயர்ப்பலகையைத் தூணிலோ கார்னிஸிலோ அடிக்கக்கூடாது. தூண்களுக்குப் பின்னால் உள்ள சுவரில், செங்கல்லில் அல்லாமல் காரை இணைப்பில், துருப்பிடிக்காத போல்ட்டில் மாட்டுங்கள். ஏசி வெளியூனிட்டின் தண்ணீர்க்குழாய் கார்னிஸ் மேல் சொட்டாமல் தனியாக இறங்க வேண்டும். ஏடிஎம் அறைக்காக முன்தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பினால் தூணின் அடி ஓதம் பிடிக்கும். பக்கவாட்டு வராந்தாவில் வைக்கலாம்.

மிஞ்சிய களியை மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில், மேலே தண்ணீர் நிற்க, கட்டடத்திலேயே வைத்துவிடுங்கள். அச்சுத்தகட்டையும் வளைவுப் பலகையையும் அதோடு சேர்த்துப் பூட்டி வையுங்கள். ஆடி மாதம் ஒருமுறை குழாய்களைத் தூர்வாரி, நீர்க்காடியைத் துடைத்து, முகப்பைத் தட்டிப் பார்த்து, கிடைக்கும் சின்னத் திட்டுகளை அந்தக் களியாலேயே அடைத்துக்கொள்ளலாம்.